சிலிண்டர் நிறைய கேஸ்... ஆனாலும் நடுங்க வைக்கும் குளிர்! பாலைவனத்துச் சக்கர வீடுகளின் கரன்ட் கணக்கு

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் குவார்ட்ஸைட் என்று ஓர் ஊர். லாஸ் ஏஞ்சலஸிலிருந்து ஃபீனிக்ஸ் போகும் 10-ம் எண் நெடுஞ்சாலையில், கொலராடோ ஆற்றைத் தாண்டி சுமார் 30 கிலோமீட்டரில் இருக்கிறது. கோடையில் போனால் சில ஆயிரம் பேர்தான் இருப்பார்கள். வெயில் அப்படி! அதே ஊருக்கு ஜனவரியில் போய்ப் பாருங்கள். கண்ணுக்கு எட்டிய தூரம்வரை பாலைவன மண்ணில் வெள்ளை வெள்ளையாக வீடுகள். அத்தனையும் சக்கரம் வைத்த வீடுகள்.

மிச்சிகன், மினசோட்டா, கனடா என்று பனி கொட்டும் ஊர்களிலிருந்து குளிருக்குத் தப்பி வருகிறவர்கள் இவர்கள். பெரும்பாலும் ஓய்வுபெற்றவர்கள். 'பனிப்பறவைகள்' என்றே அங்கே இவர்களுக்குப் பெயர். 2021-ல் சிறந்த படத்துக்கான ஆஸ்கர் வாங்கிய 'நோமேட்லேண்ட்' பார்த்தவர்களுக்கு இந்த ஊர் புதிதல்ல. (ஊர்க் கல்லறையில் பிரமிடு வடிவச் சமாதி ஒன்று, அதன் உச்சியில் ஒட்டகம்! 1850-களில் அமெரிக்க ராணுவம் ஒட்டகங்களை இறக்குமதி செய்தபோது, அவற்றை ஓட்ட வந்த ஹாட்ஜி அலி என்பவரின் சமாதி அது.)

ஊருக்குத் தெற்கே 'லா போசா' என்ற அரசு நிலம். செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை கட்டணம் கட்டி மாதக்கணக்கில் தங்கலாம். இடம் தாராளம். ஆனால், நிறுத்தும் இடத்தில் கரன்ட் கனெக்‌ஷன் கிடையாது, குழாய்த் தண்ணீர் கிடையாது. இப்படித் தங்குவதற்கு 'பூண்டாக்கிங்' என்று பெயர். மலை என்று பொருள்படும் 'புண்டோக்' என்ற பிலிப்பைன்ஸ் சொல், அமெரிக்கச் சிப்பாய்கள் வாயில் நுழைந்து, இப்படி உருமாறி வந்து சேர்ந்தது.

வெட்டவெளியில் நிற்கும் அந்த வீட்டுக்கு உயிர் கொடுப்பவை இரண்டுதான். முன்பக்கக் கொக்கி மேல் உட்கார்ந்திருக்கும் புரொபேன் கேஸ் சிலிண்டர்கள். பக்கத்திலேயே பெட்டிக்குள் இருக்கும் 12 வோல்ட் பேட்டரி.

அதிகாலை 3 மணிச் சிக்கல்

முதல்முறை வருகிறவர்களின் கணக்கு எளிமையானது. 'ஹீட்டர், ஃப்ரிட்ஜ், அடுப்பு, வெந்நீர் எல்லாம் கேஸில் ஓடுகிறது. லைட்டுக்கு மட்டும்தானே பேட்டரி? ரெண்டு சிலிண்டர் நிரப்பிக்கொண்டால் போதும்.' பகல் முழுக்க இந்தக் கணக்கு சரியாகவே இருக்கும். பாலைவனத்தில் ஜனவரிப் பகல் இதமாக 20 டிகிரியை ஒட்டி இருக்கும். இரவில் 4, 5 டிகிரிக்கு இறங்கிவிடும். சில இரவுகளில் தண்ணீர் உறைகிற அளவுக்கும் போகும்.

அதிகாலை 3 மணி வாக்கில் ஹீட்டர் நின்றுவிடுகிறது. போய்ப் பார்த்தால் சிலிண்டரில் கேஸ் நிறைய இருக்கிறது. பேட்டரிதான் காலி.

டிரெய்லரின் ஹீட்டர் (அங்கே 'ஃபர்னஸ்' என்பார்கள்) கேஸை எரித்துச் சூடு உண்டாக்கினாலும், அந்தச் சூட்டை அறைகளுக்குத் தள்ளுவது ஒரு மின்விசிறி. அது சுற்றும்போது 7 ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். அதோடு, விசிறிக் காற்று போதிய வேகத்தில் வருகிறதா என்று பார்க்க ஒரு சின்னத் தகடு சுவிட்ச் உண்டு. காற்று அந்தத் தகட்டைத் தள்ளினால்தான் கேஸ் வால்வு திறக்கும். பேட்டரி சோர்ந்து விசிறி மெதுவாகச் சுற்றினால், தகடு அசையாது, கேஸும் வராது. பாதுகாப்புக்காக வைத்த ஏற்பாடுதான் அது. நடுங்கிக்கொண்டு எழுந்து உட்கார்ந்திருப்பவருக்கு அந்த நேரத்தில் அது ஆறுதலாக இருக்காது!

நம் வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரி மாதிரிதான்

வீட்டில் இன்வெர்ட்டர் வைத்திருப்பவர்களுக்கு '150 ஏ.ஹெச். பேட்டரி' என்றால் புரியும். டிரெய்லரிலும் அதே அளவுகோல்தான். ஒரு 100 ஏ.ஹெச். லெட்-ஆசிட் பேட்டரி இருக்கிறது என்று வையுங்கள். அதில் பாதிக்கு மேல் எடுத்தால் அதன் ஆயுள் வேகமாகக் குறையும். அதாவது, கையில் இருப்பது 50 ஏ.ஹெச். மட்டுமே.

இப்போது ஒரு நாள் செலவைப் போட்டுப் பார்ப்போம். குளிர் இரவில் ஹீட்டர் விட்டுவிட்டு மொத்தம் 4 மணி நேரம் ஓடினால், விசிறிக்கு மட்டும் 28 ஏ.ஹெச். செல்போன், லேப்டாப்புக்கு 10. இரவில் 3 மணி நேரம் டி.வி. பார்த்தால் இன்னொரு 15. எல்.இ.டி. விளக்குகளும் தண்ணீர் பம்ப்பும் சேர்ந்து 6, 7. இதைத் தவிர, யார் கண்ணிலும் படாமல் 24 மணி நேரமும் உறிஞ்சுகிற கூட்டம் ஒன்று உண்டு. கேஸ் கசிவு அலாரம், ஃப்ரிட்ஜின் கன்ட்ரோல் போர்டு, அணைக்க மறந்த இன்வெர்ட்டர். இவை எல்லாம் சேர்ந்து ஒரு 15-ஐ விழுங்கிவிடும். கூட்டினால் 75-ஐத் தொடுகிறது. இருப்பதோ 50! அதிகாலை 3 மணிக்கு நிற்காமல் என்ன செய்யும்?

அனுபவசாலிகள் இரண்டு 6 வோல்ட் கோல்ஃப் வண்டி பேட்டரிகளைத் தொடராக இணைத்து 220 ஏ.ஹெச். அளவுக்கு வைத்துக்கொள்வார்கள். டிஸ்டில்டு வாட்டர் ஊற்றும் வேலை நம்மூர் போலவே அங்கும் உண்டு. வசதி உள்ளவர்கள் லித்தியம் பேட்டரிக்கு மாறிவிட்டார்கள். அதில் முக்கால் பாகத்துக்கு மேலேயே தாராளமாக எடுக்கலாம், எடையும் குறைவு. ஒன்றே ஒன்று: பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழே அதைச் சார்ஜ் செய்யக் கூடாது, செய்தால் உள்ளே நிரந்தரமாகப் பழுதாகும். பேட்டரியைக் குளிர் படாத இடத்தில் வைப்பது அதனால்தான்.

சாய்த்து வைத்த சூரியத் தகடு

சார்ஜ் ஏற்ற, கூரையில் சோலார் பேனல். பாலைவனத்தில் வெயிலுக்கு என்ன பஞ்சம் என்று தோன்றும். ஆனால், குவார்ட்ஸைட் இருப்பது கிட்டத்தட்ட 34 டிகிரி வடக்கு அட்சரேகையில். டிசம்பர் கடைசியில் உச்சிவேளைச் சூரியனே அடிவானத்திலிருந்து 33 டிகிரி உயரத்தில்தான் நிற்கும். கூரையில் தட்டையாகப் படுத்திருக்கும் பேனலுக்கு, நேருக்கு நேர் கிடைக்கக்கூடிய வெயிலில் பாதிக்குச் சற்று அதிகம்தான் அந்த நேரத்தில் கிடைக்கும். லா போசாவில் பேனல்கள் எல்லாம் தெற்குப் பார்த்துச் சாய்ந்து நிற்பதன் காரணம் இதுதான். சாய்த்துவைத்த 200 வாட் பேனல், நல்ல வெயில் நாளில் 50 முதல் 60 ஏ.ஹெச். வரை தரும். மேகம் மூடினால் அந்த நாளின் கணக்கு அம்போ.

அதற்குத்தான் ஜெனரேட்டர். இரவு 10 முதல் காலை 6 வரை அதை ஓட்டக் கூடாது என்பது அங்கே விதி. பக்கத்து டிரெய்லர்காரர் தூங்க வேண்டாமா? இதில் அருமையான ஒரு நேக்கு வைத்திருக்கிறார்கள். லெட்-ஆசிட் பேட்டரி, காலியாக இருக்கும்போது வேகமாகச் சார்ஜ் ஏறும். கடைசி 20 சதவிகிதம்தான் ஆமை வேகம். ஆகவே, காலையில் எழுந்ததும் ஒன்றிரண்டு மணி நேரம் ஜெனரேட்டர் ஓட்டி, வேகமாக ஏறுகிற பாகத்தை ஏற்றிவிடுவார்கள். மீதியைச் சூரியன் பகல் முழுக்க நிதானமாக முடித்துக்கொடுக்கும். மாலையில் ஓட்டுகிறவர், அந்தக் கடைசி 20 சதவிகிதத்துக்காகப் பெட்ரோலைப் புகையாக்குகிறார்.

கேஸ் எங்கே போகிறது?

அங்கே டிரெய்லரில் வழக்கமாக இருப்பது 20 பவுண்டு சிலிண்டர், ஏறக்குறைய 9 கிலோ. நம்மூர் சமையலறை சிலிண்டர் 14.2 கிலோ. நம்முடைய எல்.பி.ஜி. புரொபேனும் பியூட்டேனும் கலந்தது. பியூட்டேன் பூஜ்ஜியம் டிகிரியை ஒட்டியே ஆவியாவதை நிறுத்திவிடும். புரொபேனோ மைனஸ் 42 டிகிரி வரை ஆவியாகும். குளிர் நாடுகளில் புரொபேனைத் தேர்ந்தெடுத்தது இதனால்தான்.

அந்த 9 கிலோவை எது தின்கிறது என்பதில்தான் ஆச்சர்யம். 20 லிட்டர் சொச்சம் வெந்நீர் போட ஆகும் கேஸ் மிகக் குறைவு. 130 கிராமைத் தாண்டாது. ஃப்ரிட்ஜும் சாது. அது மட்டும் ஓடினால், ஒரு சிலிண்டர் பத்து நாளுக்கு மேலேயே வரும். நெருப்பை வைத்துக் குளிரை உண்டாக்கும் இந்த ஃப்ரிட்ஜ், 1922-ல் பால்ட்சார் ஃபான் பிளாட்டன், கார்ல் முன்டர்ஸ் என்ற இரண்டு ஸ்வீடன் மாணவர்கள் கண்டுபிடித்தது. உள்ளே அம்மோனியா, ஹைட்ரஜன், தண்ணீர். சுற்றுகிற பாகம் ஒன்றுகூடக் கிடையாது. வண்டி சமதளத்தில் நின்றால்தான் ஒழுங்காக வேலை செய்யும். புதிய டிரெய்லர்களில் பேட்டரியில் ஓடும் 12 வோல்ட் ஃப்ரிட்ஜ் வரத் தொடங்கியிருக்கிறது. கேஸ் மிச்சம்தான், ஆனால் மேலே போட்ட கரன்ட் கணக்கு கிட்டத்தட்ட இரட்டிப்பாகிவிடும்.

பகாசுரன், அதே ஹீட்டர்தான். இரவில் 4 மணி நேரம் எரிந்தால் இரண்டரை கிலோ கேஸ் காலி. ஒரு சிலிண்டர் நான்கு ராத்திரிகூட வராது.

சிலிண்டரில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது? பிரஷர் மீட்டரை நம்ப முடியாது. உள்ளே ஒரு லிட்டர் திரவம் இருந்தாலும் பத்து லிட்டர் இருந்தாலும் அழுத்தம் ஒன்றுதான், அது வெப்பநிலையைப் பொறுத்தது. எடை போட்டு, சிலிண்டரில் பொறித்திருக்கும் காலி எடையைக் கழிப்பதே சரியான வழி. நம்மூர் அம்மாக்கள் ஈரத்துணியால் சிலிண்டரைத் துடைத்து, ஈரம் காயாமல் நிற்கும் இடம்வரை கேஸ் இருப்பதாகச் சொல்வார்களே... அங்கேயும் அதே வித்தைதான், ஈரத்துணிக்குப் பதில் ஒரு குவளை வெந்நீர். ஊற்றிவிட்டுத் தடவினால், எந்த இடத்திலிருந்து சில்லென்று இருக்கிறதோ அதுவரை கேஸ்.

இரண்டு சிலிண்டரையும் திறந்துவைத்தால், ஒன்று தீர்ந்ததும் ரெகுலேட்டர் தானாக அடுத்ததற்கு மாறிவிடும். வசதிதான். ஆனால், மாறியதை யாரும் கவனிக்காமல், இரண்டாவதும் தீரும்போதுதான் விஷயம் தெரியவரும். விவரம் தெரிந்தவர்கள் ஒன்றை மட்டும் திறந்துவைப்பார்கள். அது தீர்ந்தால் எழுந்து போய் மற்றதைத் திறந்துவிட்டு, மறுநாளே காலி சிலிண்டரை நிரப்பிவருவார்கள்.

ஜன்னல் திறந்திருக்கட்டும்

ஹீட்டர் விசிறியால்தானே பேட்டரி தீர்கிறது என்று, விசிறி இல்லாமல் எரியும் சிறிய கேஸ் ஹீட்டரை உள்ளே வைத்துக்கொள்பவர்கள் நிறைய. கரன்ட் துளியும் வேண்டாம், கேஸும் குறைவு. இந்த இடத்தில்தான் உயிர் விஷயம் வருகிறது. வண்டியோடு வரும் ஹீட்டரின் புகை வெளியே போகும். இதன் புகை அறைக்குள்ளேயே தங்கும். ஒரு கிலோ புரொபேன் எரிந்தால் 1.6 லிட்டர் தண்ணீர் ஆவியாக வெளிவரும். காலையில் சுவரெல்லாம் நனைந்து ஒழுகுவது அதனால். அதையாவது துடைத்துவிடலாம். காற்றோட்டம் போதாமல் ஆக்சிஜன் குறையும்போது உருவாகும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தூங்குகிறவர் எழுந்திருக்கவே மாட்டார்.

ஆகவே, எவ்வளவு குளிரானாலும் எதிரெதிரே இரண்டு ஜன்னல்களைக் கொஞ்சம் திறந்தேவைக்க வேண்டும். அணைத்த பிறகுதான் தூங்க வேண்டும். அடுப்பைப் பற்றவைத்து அறையைச் சூடாக்குவது கூடவே கூடாது. புரொபேன் காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம், கசிந்தால் தரையோடு தேங்கும். கேஸ் அலாரத்தைத் தரைக்கு அருகில் பொருத்தியிருப்பது அதற்காக. பலரும் மறந்துபோகும் இன்னொன்று: அந்த அலாரம் ஓடுவதும் வண்டியின் பேட்டரியில்தான். பேட்டரி சுத்தமாகத் தீர்ந்துவிட்டால் அலாரமும் ஊமை! கார்பன் மோனாக்சைடுக்கென்று, தனி பேட்டரி போட்ட ஓர் அலாரம் படுக்கைக்குப் பக்கத்தில் இருந்தே ஆக வேண்டும்.

இத்தனை கணக்குக்கும் மசியாத ஒரு பொருள் உண்டு. அது ஏ.சி. கூரை ஏ.சி. 1,300 வாட்டுக்குக் குறையாமல் கேட்கும். 12 வோல்ட் பேட்டரியில் அது 100 ஆம்பியருக்கும் மேல். கோல்ஃப் வண்டி பேட்டரி ஜோடி ஒரு மணி நேரம்கூடத் தாங்காது. ஏப்ரல் நடுவில் வெயில் ஏறத் தொடங்கியதும் பேனல்களை மடக்கி, சிலிண்டர் வால்வுகளை மூடி, வண்டியைக் கொக்கியில் மாட்டிக்கொண்டு பனிப்பறவைகள் வடக்கே கிளம்பிவிடுகிறார்கள்.