உங்களுக்குத் தெரியுமா? கொலன்னாவைப் பக்கத்துத் தண்டவாளங்கள்

கொலன்னாவைவாசிகளுக்குக் கிட்டிய ரயில் நிலையங்கள் தெமட்டகொடையும் பேஸ்லைன் வீதியும். இரண்டும் இரு வேறு பாதைகளில் உள்ளவை. இரண்டுக்கும் நீண்ட வரலாறு உண்டு.

● இலங்கையின் முதல் ரயில் 1864 டிசம்பர் 27இல் கொழும்பிலிருந்து அம்பேபுஸ்ஸ வரை 54 கிலோமீற்றர் ஓடியது. தெமட்டகொடையைத் தாண்டிக் களனி கங்கையைக் கடக்கும் இன்றைய பிரதான பாதையின் ஆரம்பம் அதுவே.

● பேஸ்லைன் வீதி நிலையம் களனிவெளிப் பாதையில் உள்ளது. தோட்டங்களை நோக்கிப் போடப்பட்ட இப்பாதை 1903இல் எட்டியாந்தோட்டையை எட்டியது. தண்டவாளங்களின் இடைவெளி வெறும் 762 மில்லிமீற்றர். பிரதான பாதையில் அது 1,676.

● 1990களில் களனிவெளிப் பாதை அகலமாக்கப்பட்டது. ஆனால் சிறிய ரயிலுக்காக வெட்டிய நெருக்கமான வளைவுகள் பெரும்பாலும் அப்படியே உள்ளன. அவிசாவளை ரயில் இன்றும் மெதுவாகப் போவதற்கு இது முக்கிய காரணம்.

● அதே ரயில் பொரளையில் றோயல் கொழும்பு கோல்ப் கழகத் திடலுக்குள்ளாகவே போகிறது. ரயில் வந்தால் ஆட்டக்காரர்கள் நின்று வழிவிட வேண்டும்!

● கொலன்னாவை எண்ணெய்க் களஞ்சியத்துக்கும் தண்டவாளம் உண்டு. கட்டுநாயக்க விமானங்களுக்கான எரிபொருள் இங்கிருந்து தாங்கி ரயிலில் போகிறது.

● மருதானையில் பயணி தெரு மட்டத்தில் நுழைந்து, படியிறங்கித்தான் மேடைக்குப் போகிறார். தண்டவாளங்கள் அவ்வளவு தாழ்வாக ஓடுகின்றன. 1917இல் திறக்கப்பட்ட கோட்டை நிலையமோ இங்கிலாந்தின் மஞ்செஸ்டர் விக்டோரியா நிலையத்தின் சாயலில் அமைந்தது.

● நம் நிலையங்களில் நெடுங்காலம் விற்கப்பட்ட அட்டைச் சீட்டு, 1830களில் ஆங்கிலேயர் தோமஸ் எட்மன்சன் கண்டுபிடித்த முறை. விரல் நீளத்துக்கும் குறைந்த தடித்த அட்டை. ஒவ்வொன்றிலும் தொடர் இலக்கம். அலுவலர் அதை இரும்புப் பொறியில் செருகி இழுத்தால் திகதி பதியும். இலக்கத்தைப் பார்த்தே அன்றைய விற்பனைக் கணக்கை முடித்துவிடலாம்.

● மருதானைக்கு அருகிலுள்ள பழைய கொழும்பு முனைய நிலையத்தில் 2009இல் ரயில் நூதனசாலை திறக்கப்பட்டது. 2014இல் அது கடுகண்ணாவைக்கு மாறியது. நூதனசாலைக்குப் போனவை பத்திரமாக இருக்கின்றன. நாள்தோறும் உழைக்கும் பழைய நிலையங்களுக்கும் அதே கவனிப்பு வேண்டும்: திருத்தும்போது பழைய தூணையும் கூரையையும் பெயர்த்தெறியாமல் பேணினாலே போதும், இவ்வரலாறு நம் பிள்ளைகளுக்கும் கிடைக்கும்.