பொன் பீடமும் மழை ஒழுக்கும்



கோவாவில் புனித சவேரியாரின் உடலைப் பத்து வருசத்துக்கு ஒருக்கா பொதுமக்கள் வணக்கத்துக்கு வைப்பார்கள். கடைசியாக வைத்தது 2024 நவம்பர் 21 முதல் 2025 ஜனவரி 5 வரை. ஓப்பநாயக்க பக்கத்துத் தோட்டம் ஒன்றில் கொழுந்து எடுத்து ஓய்வு பெற்ற அக்கா ஒருவர், கொழும்பில் கடையில் நிற்கும் மகன் காசு போட்டதால் அங்கே போய் வந்தார். வந்த கையோடு எங்கள் ஒபீசுக்கு ஒரு படத்தைக் கொண்டு வந்து மேசையில் வைத்தார். போம் ஜேசு பேராலயத்தின் பெரிய பீடம். அடியிலிருந்து முகடு வரைக்கும் பொன்.

"ஐயா, இது அசல் தங்கமா? கோயில் கட்டி நானூறு வருசம்னு சொல்றாங்க. நம்ம அந்தோனியார் பீடத்துக்குப் பூசினது நாலு வருசத்துல கறுத்துப் போச்சே, அது ஏன்?" என்று கேட்டார்.

உடனே பதில் சொல்ல எங்களால் முடியவில்லை. வெட்கமாகவும் இருந்தது. மேக்கணக்குச் சிற்றாலயத்தின் அந்தப் பீடத்துக்குப் பொன் நிறப் பெயின்ட் வாங்கிக் கொடுத்ததே நாங்கள்தான். அந்தக் கதையைப் பிறகு சொல்கிறோம். அக்காவின் கேள்விக்காகத் தேடிப் படித்ததையும், விசயம் தெரிந்தவர்களிடம் கேட்டறிந்ததையும் முதலில் எழுதுகிறோம்.

போம் ஜேசு பேராலயத்துக்கு 1594 நவம்பர் 24இல் அடிக்கல் நாட்டினார்கள். 1605 மே 15இல் அபிஷேகம் செய்தார்கள். இயேசு சபைக் குருமார் கட்டிய கோயில் அது. பெரிய பீடத்தின் நடுவில் அந்தச் சபையைத் தொடங்கிய புனித லொயோலா இஞ்ஞாசியாரின் பெரிய சுரூபம் நிற்கிறது. அவர் மேலே பார்க்கிறார். மேலே சூரியன் மாதிரிக் கதிர் விடும் வட்டத்துக்குள் இயேசுவின் பெயரைக் குறிக்கும் எழுத்துகள். அதற்கும் மேலே பரிசுத்த திரித்துவம். கீழே குழந்தை இயேசு. சவேரியாரின் உடல் இருப்பது இந்தப் பீடத்தில் அல்ல, பக்கத்துச் சிற்றாலயத்தில். உடல் வைத்திருக்கும் வெள்ளிப் பேழையைக் கோவாத் தட்டார்கள் 1636, 1637இல் செய்தார்கள். அதற்கு அடியில் இருக்கும் பளிங்கு மேடை இத்தாலியிலிருந்து கப்பலில் வந்தது. பொஜினி என்ற சிற்பி பத்து வருசம் உழைத்துச் செய்த அந்த மேடையை 1698இல் அங்கே பூட்டினார்கள்.

இந்த மாதிரி வேலைப்பாட்டுக்குப் பரோக் என்று பெயர். போர்த்துக்கேய மொழியில் ஒழுங்கான உருண்டையாக இல்லாத முத்துக்கு அப்படி ஒரு சொல் உண்டு, அதிலிருந்துதான் இந்தப் பெயர் வந்தது என்பார்கள். மன்னார்ப் பக்கம் முத்துக் குளித்த நாட்டுக்காரர் நாம், அதனால் இந்தச் சொல் நமக்கு அவ்வளவு தூரமில்லை. ஏறக்குறைய 1600இல் ரோமாபுரியில் இந்தப் பாணி தலையெடுத்தது. முறுக்கிய தூண், சுருண்ட இலை, பறக்கும் சம்மனசு, எங்கும் பொன். எழுத வாசிக்கத் தெரியாத ஒருவர் கோயில் கதவைத் தாண்டியதும் கண்ணும் மனசும் நேரே பீடத்துக்குப் போக வேண்டும் என்பது அதன் நோக்கம்.

இலங்கையிலும் போர்த்துக்கேயர் காலத்துக் கோயில்கள் நிறைய இருந்தன. 1658இல் ஒல்லாந்தர் அவர்களை முழுசாகத் துரத்திய பிறகு கத்தோலிக்க வழிபாட்டைத் தடை செய்தார்கள். கோயில்களும் பீடங்களும் அழிந்தன, அல்லது கை மாறின. கோவாவில் பிறந்த யோசேப் வாஸ் அடிகளார் 1687இல் கூலியாள் வேசத்தில் இங்கே வந்தபோது பூசை வைக்கப் பொன் பீடம் ஒன்றும் இல்லை. மறைவான வீடுகளில் இரவில்தான் பூசை. அவரை 2015 ஜனவரி 14இல் பாப்பரசர் பிரான்சிஸ் கொழும்பில் புனிதராக அறிவித்தது உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். நம்ம நாட்டில் இல்லாமல் போனது எப்படி இருந்திருக்கும் என்று பார்க்க ஆசைப்பட்டால் கோவாவுக்குத்தான் போக வேண்டும்.

சரி, அது அசல் தங்கமா? தங்கந்தான். ஆனால் கட்டித் தங்கம் இல்லை. முழுக்க மரம், மேலே தங்கத்தாள். தங்கத்தை அடித்து அடித்து, வாயால் ஊதினால் பறந்து போகும் அளவுக்கு மெல்லியதாக்குவார்கள். ஒரு கிராம் தங்கத்தை அரைச் சதுர மீற்றர் வரை விரிக்கலாம். நம்ம பவுன் கணக்கில் பார்த்தால், எட்டுக் கிராமில் நாற்பது சதுர அடிக்கு மேல். காம்பராக் கதவு ரெண்டை முழுசாக மூடிவிடலாம்.

அந்தத் தாளை மரத்தில் நேரே ஒட்டுவதில்லை. முதலில் சுண்ணக்கட்டிப் பொடியைத் தோலிலும் எலும்பிலும் காய்ச்சிய வச்சிரத்தோடு கலந்து, பல தடவை பூசிக் காயவைத்துத் தேய்ப்பார்கள். அதன் மேலே நைசான சிவப்புக் களிமண். அதைத் தண்ணீரால் நனைத்துத் தங்கத்தாளை வைப்பார்கள். காய்ந்ததும் வழவழப்பான கல்லால் மெருகு ஏற்றுவார்கள். பழைய பீடங்களில் தங்கம் தேய்ந்த இடத்தில் சிவப்பாகத் தெரிவது துரு இல்லை, அந்தக் களிமண்.

கோவாவில் இந்த வேலை செய்தவர்களில் பலர் உள்ளூர் ஆசாரிமார்தான். இந்து ஆசாரிமார் கத்தோலிக்கச் சுரூபங்கள் செய்யக் கூடாது என்று 16ஆம் நூற்றாண்டிலேயே கட்டளை போட்டார்கள். ஆனாலும் வேலை தெரிந்த கை வேண்டியிருந்தது, வேலையும் நடந்தது. கோவாக் கோயில்களின் பிரசங்க மேடைகளில் நாகப் பெண் மாதிரி உருவங்கள் மேடையைத் தாங்கி நிற்பதைப் பார்த்தால் செதுக்கிய கை எந்த ஊர்க் கை என்று விளங்கும்.

தங்கம் கறுக்காது. கடையில் டின்னில் விற்கும் பொன் நிறப் பெயின்டில் பொதுவாக இருப்பது பித்தளைத் தூள். அதிலுள்ள செம்பு ஈரக் காற்றில் நிறம் மாறிக் கறுக்கும். அக்காவின் கேள்விக்கு நேரான பதில் இதுதான்.

ஆனால் தங்கத்துக்கும் பகை உண்டு, அது அடியிலிருந்து வரும். மரம் ஈரத்தில் ஊதும், வெயிலில் சுருங்கும். சுண்ணப் பூச்சு அப்படி அசையாது, வெடிக்கும். வச்சிரமோ தண்ணீரில் இளகிவிடும். பிறகு செதில் செதிலாகப் பெயர்ந்து விழும், தங்கமும் அதோடு போகும். கறையானும் உள்ளே புகுந்தால் வெளியே பொன், உள்ளே வெறும் கூடு. ஆகவே பீடத்தின் ஆயுள் பீடத்தில் இல்லை, கூரையிலும் சுவரிலும் இருக்கிறது. கோவாவில் ஜூன் முதல் செப்டம்பர் வரை கொட்டும் மழை நம்ம இரத்தினபுரி மழைக்குக் குறைந்ததல்ல.

இங்கேதான் எங்களுக்கு மிகவும் உறைத்த விசயம் வருகிறது. போம் ஜேசு பேராலயத்தின் வெளிச் சுவர் இன்றைக்குச் சிவப்பாக, கல் தெரிய நிற்கிறது. படம் பார்த்தவர்கள் அதுதான் அதன் பழைய கோலம் என்று நினைப்பார்கள். இல்லை. கோவாவின் மற்றக் கோயில்களைப் போல அதுவும் சுண்ணாம்புச் சாந்து பூசி வெள்ளையாகத்தான் இருந்தது. 1950களில் பல்தசார் காஸ்த்ரோ என்ற போர்த்துக்கேயக் கட்டடக் கலைஞர், கோயில் பழைமையாகத் தோன்ற வேண்டும் என்று வெளிப் பூச்சை உரித்துவிட்டார். உள்ளே இருந்தது நமக்குத் தெரிந்த கபுக்கல். கபுக்கல் சுவரைப் பூசாமல் விட்டால் மழைக்கு என்ன நடக்கும் என்று லயத்தில் வாழ்ந்தவர்களுக்கு நாங்கள் சொல்லத் தேவையில்லை. கல் தண்ணீரைக் குடிக்கும், மெதுவாக உதிரும், உட்பக்கம் வேர்க்கும். சுண்ணாம்புப் பூச்சு அந்தக் கோயிலின் மழைக்கோட்டு. பழுது பார்க்க வந்தவர் அதைத்தான் கழற்றிப் போட்டார். அவர் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை, அழகுக்காகச் செய்தார்.

1986இல் உலக மரபுரிமைச் சின்னமாக அறிவிக்கப்பட்ட கோயில் அது. இந்தியத் தொல்பொருள் திணைக்களம் பராமரிக்கிறது. 2020இல் கூரைத் திருத்த வேலை கொரோனா முடக்கத்தால் இழுபட்டு மழைக்காலமும் நெருங்கியபோது, பேராலயப் பொறுப்புக் குருவானவர் பகிரங்கமாகக் குரல் கொடுத்தார். சுவரைத் திரும்பவும் பூச வேண்டும் என்றும் கேட்டார். சிவப்புச் சுவரைத்தான் உலகம் அறியும், அதை மாற்றக் கூடாது என்று சொல்பவர்களும் உண்டு. எங்களைக் கேட்டால் பூசுவது நல்லது என்போம். பார்க்கிறவர் கண்ணை விட உள்ளே இருக்கும் மரமும் பொன்னும் பெரிது.

பீடங்களைப் பழுது பார்க்கும் முறையும் நாம் நினைக்கிற மாதிரி இல்லை. முதல் வேலை படம் பிடித்து, எங்கே வெடிப்பு, எங்கே பூச்சி என்று குறிப்பது. அடுத்தது ஒழுக்கை நிறுத்துவது. அதற்கு முன் பீடத்தில் கை வைப்பது வீண். பிறகு பெயர்ந்து நிற்கும் செதிலின் மேல் மெல்லிய காகிதத்தை இலேசான பசையால் ஒட்டிப் பிடித்து, ஊசியால் உள்ளே பசை செலுத்தி, மெதுவாக அமர்த்துவார்கள். அழுக்கை எடுப்பது பஞ்சு சுற்றிய குச்சியால், ஓர் அங்குலம் ஓர் அங்குலமாக. மெருகிட்ட பொன்னில் ஈரத் துணி படவே கூடாது, அடியில் இருக்கும் வச்சிரம் இளகித் தங்கம் துணியோடு வந்துவிடும். வர்ணம் தீட்டிய இடங்களைத் துடைக்கச் சில நிபுணர்கள் சொந்த உமிழ்நீரையே பயன்படுத்துகிறார்கள். சிரிக்க வேண்டாம், அழுக்கைக் கரைக்கும் பொருள் அதில் உண்டு.

தங்கம் போன இடத்தை எல்லாம் புதுசாக்குவதும் இல்லை. ரோமாபுரியில் 1939இல் பழுதுபார்க்கும் கலைக்கென்று ஒரு நிறுவனம் தொடங்கினார்கள். அதை நடத்திய செசாரே பிராந்தி என்பவரும் கூட வேலை செய்தவர்களும் ஒரு வழி காட்டினார்கள். வர்ணம் போன இடத்தை மயிரிழை போன்ற கோடுகளால் நிரப்புவது. தூரத்திலிருந்து பார்த்தால் குறை தெரியாது, கிட்டப் போனால் இது பிந்திய கை என்று தெரியும். யாரையும் ஏமாற்றுவதில்லை. ஊகம் தொடங்கும் இடத்தில் பழுதுபார்ப்பு நிற்க வேண்டும் என்று 1964இல் வெனிஸ் நகரில் நிபுணர்கள் கூடி எழுதியும் வைத்தார்கள்.

இனி எங்கள் கதை. அந்த மேக்கணக்குச் சிற்றாலயத்தில் மரத்தால் ஆன சின்னப் பீடம் ஒன்று உண்டு. வெள்ளைக்கார துரைமார் காலத்தில் செய்தது என்று பெரியவர்கள் சொல்வார்கள். பக்கத்தில் திராட்சைக் கொடி செதுக்கியிருக்கும். சில வருசங்களுக்கு முன்னே திருவிழாவுக்காக அதைத் துலக்க வேண்டும் என்று கேட்டார்கள். நலன்புரிப் பக்கத்திலிருந்து நாங்கள் எனாமல் பெயின்டும் பொன் பெயின்டும் ஒழுங்கு பண்ணினோம். பையன்மார் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார்கள். தேய்க்கும்போது அடியில் பச்சையும் சிவப்புமாகப் பழைய வர்ணம் வந்தது, ஒரு மூலையில் மினுமினுப்பாக எதுவோ வந்தது. எல்லாம் தேய்ந்து தூளாகப் போனது. அன்றைக்கு அதை அழுக்கு என்றே நினைத்தோம். தங்கத்தாளா, வேறு எதுவுமா என்று இனி யாருக்கும் தெரியப் போவதில்லை. திருவிழா அன்றைக்குப் பீடம் ஜொலித்தது, எல்லாரும் எங்களைப் பாராட்டினார்கள். பின்னால் தகரத்தில் ஓட்டை இருந்ததை ஒருவரும் பார்க்கவில்லை. பெயின்ட் மேலே மூடிக்கொண்டதால் ஈரம் உள்ளேயே நின்று, கொடியின் அடிப்பகுதி இப்போது விரலால் அழுத்தினால் அமுங்குகிறது.

ஜூன் 13 அந்தோனியார் திருவிழா. இந்தத் தடவையும் காசு சேர்த்திருக்கிறார்கள், மறுபடி பூச வேண்டும் என்று இளைஞர்கள் நிற்கிறார்கள். அவர்கள் மேல் குறை சொல்ல எங்களுக்கு வாய் இல்லை. ஆனால் அக்கா கொண்டு வந்த படத்தை வைத்துக்கொண்டு போன ஞாயிற்றுக்கிழமை கோயில் முற்றத்தில் பேசினோம். மூன்று தகரம் மாற்ற வேண்டும், பீலி போட வேண்டும், சுவரிலிருந்து பீடத்தைக் கையளவு தள்ளி வைத்துக் காற்று போக விட வேண்டும். கறையான் புற்றைத் தேடி எடுக்க வேண்டும். இருக்கிற பெயின்டைச் சுரண்ட வேண்டாம், தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டாம், மெல்லிய தூரிகையால் தூசு மட்டும் தட்டினால் போதும். நாலு பக்கமும் படம் எடுத்து வைத்தால், தெரிந்தவர் ஒருவர் வரும்போது காட்டலாம். சாமி அறையில் பழைய மரச் சுரூபமோ, மாரியம்மன் கோயிலில் பழைய மர வாகனமோ வைத்திருக்கும் தோட்டங்களுக்கும் இதே ஒழுங்குதான்.

"திருவிழாவுக்குப் பீடம் பழசா நின்னா ஊர்க்காரங்க என்ன சொல்லுவாங்க?" என்று ஒரு தம்பி கேட்டார். அக்காதான் பதில் சொன்னார். "நனையாம நிக்குதுன்னு சொல்லட்டும், போதும்."

தகரத்துக்கு அளவு எடுத்தாகிவிட்டது. முன்பு வாங்கியதில் மிஞ்சிய பொன் பெயின்ட் டின் ஒன்று எங்கள் ஒபீஸ் அலுமாரியில் இன்னும் இருக்கிறது. வாசல் கேட்டுக்கு அடிக்க வேண்டுமென்றால் வந்து எடுத்துப் போகலாம்.