உருக்காலைத் தொழிலும் கடல் கடந்த பயிற்சியும்

பிலாயிலும் ரூர்கேலாவிலும் துர்க்காபூரிலும் குடியேறிய தமிழ் நேயர்களுக்கு ஆலைச் சங்கின் ஒலி பழகிப்போன ஒன்று. அங்கே உலையை முதன்முதலில் இயக்கியவர்கள் அத்தொழிலை எங்கே கற்றார்கள் என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

1951-இல் நம் நாடு ஆக்கிய உருக்கு சுமார் 15 லட்சம் டன். இரண்டாவது ஐந்தாண்டுத் திட்டக் காலத்தில் அரசாங்கம் மூன்று ஆலைகளை ஒருங்கே நிறுவ முற்பட்டது. ஒவ்வொன்றும் ஆண்டுக்கு 10 லட்சம் டன் தருவதற்கென அமைந்தது. பிலாய்க்குச் சோவியத் யூனியனும், ரூர்கேலாவுக்கு மேற்கு ஜெர்மனியும், துர்க்காபூருக்குப் பிரிட்டனும் துணை நின்றன. யந்திரங்களைக் கப்பலில் தருவிக்கலாம். அவற்றை இயக்கும் ஆட்களுக்கு எங்கே போவது? ஜாம்ஷெட்பூர், பர்ன்பூர், பத்ராவதி முதலிய பழைய ஆலைகளிலிருந்து கிடைக்கக்கூடியவர்கள் சிலரே. ஆகவே இளம் பொறியியல் பட்டதாரிகளைத் தேர்ந்து, துணை நின்ற நாடுகளின் ஆலைகளுக்கே அனுப்புவதென்று முடிவாயிற்று. பிரிட்டனுக்குச் செல்லக் கொழும்புத் திட்டம் உதவிற்று. ஃபோர்டு அறநிலையத்தின் பொருளுதவியால் வேறு சிலர் அமெரிக்க ஆலைகளுக்கும் சென்றனர்.

இவர்கள் பட்டம் பெறச் சென்றவர்கள் அல்லர் என்பதைக் கருத வேண்டும். நீலக் கண்ணாடியின் வழியே கொதிக்கும் உருக்கைக் கண்டு, அதன் பதத்தை உணர்ந்து, வடிக்கும் வேளையைத் தீர்மானிப்பது எந்த நூலிலும் முழுமையாக எழுதப்படாத வித்தை. தேர்ந்தவன் அருகில் பல மாதங்கள் நின்றாலன்றி அது கைவராது. ரூர்கேலாவில் ஆக்ஸிஜனை ஊதி உருக்காக்கும் முறை மேற்கொள்ளப்பட்டது. ஆஸ்திரிய நாட்டு லின்ஸ் நகரில் 1952-இல்தான் அம்முறை தொழிலளவில் தொடங்கியது. நம் நாட்டில் அதைக் கண்ணால் கண்டவரே அரியர்.

பிலாயில் மொழியும் ஒரு தடையாக நின்றது. வரைபடங்கள் ருஷ்ய மொழியில். கேட்பவர்கள் ஆங்கிலம் வழியே பயின்றவர்கள். ஒரு வினைச்சொல் பிறழ்ந்தால் அலுவலகத்தில் ஒரு தாள் கெடும், உலையடியில் உயிரே போகும். மொழிபெயர்த்தே வயிறு வளர்க்கும் எனக்கு இதை நினைக்கையில் சற்று அச்சமாகவே இருக்கிறது.

1959 பிப்ரவரியில் பிலாய், ரூர்கேலா ஆகிய இரண்டின் முதல் ஊதுலைகளும் மூட்டப்பட்டன. அவ்வாண்டின் இறுதியில் துர்க்காபூரும் தொடர்ந்தது. இத்திட்டம் தன் நோக்கத்தில் வெற்றி கண்டது என்பதில் ஐயமில்லை. ஆயினும் அந்நோக்கமே சற்றுக் குறுகியது என்பது என் கருத்து. ஆலையை இயக்கக் கற்பித்த அளவுக்கு, ஆலையை வகுக்க அது கற்பிக்கவில்லை.

பொக்காரோவில் இக்குறை வெளிப்பட்டது. எம். என். தஸ்தூரின் நிறுவனம், நம் நாட்டுப் பொறியியலாளர்களைக் கொண்டே அவ்வாலைக்குத் திட்ட அறிக்கை தயாரித்தது. 1963-இல் அமெரிக்க உதவி கைகூடாமற் போயிற்று. 1965 ஜனவரியில் சோவியத் யூனியனுடன் உடன்படிக்கை ஏற்பட்டது. வகுக்கும் பொறுப்பின் பெரும்பகுதி அதனுடன் அயலார் கைக்குச் சென்றது. செலவைக் குறைக்கத் தஸ்தூர் குழுவினர் கூறிய யோசனைகளுள் சிறு பகுதியே ஏற்கப்பட்டது. இதற்கிடையே ராஞ்சியில் 1959 முதல் இயங்கிவந்த அரசாங்க வடிவமைப்பு அலுவலகம், 1973-இல் மெக்கான் என்னும் தனி நிறுவனமாயிற்று.