தன்னையும் மறைக்கும் இருள்

கண்ணில்லாதவன் தான் காண்கிலன் என்பதை அறிவான். அதனாற் கோலை ஊன்றுகின்றான். பிறர் கையைப் பற்றுகின்றான். கண்ணிருந்தும் காணாதவனுக்கோ இவற்றுள் ஒன்றும் வேண்டுவதாய்த் தோன்றுவதில்லை. சைவ சித்தாந்த நூல்கள் ஆணவமலத்தை இருள் எனக் கூறுதலின் கருத்தை இங்கு வைத்து நோக்குதல் தகும்.

இராக்காலத்து இருள் பொருள்களை மறைக்கும்; ஆயினும், தான் இருளென்பதைக் காட்டி நிற்கும். அதனாலன்றோ நாம் விளக்கைத் தேடுகின்றோம்? ஆணவமோ பொருளையும் மறைத்துத் தன்னையும் மறைப்பது. உமாபதி சிவாசாரியர் திருவருட்பயனிலே, இருண்மலநிலை என்னும் மூன்றாம் அதிகாரத்தில் இவ்வேறுபாட்டை உணர்த்தியுள்ளார்.

இதற்கு ஊனக்கண்ணிலேயே ஓர் ஒப்பு உண்டு. பார்வை நரம்பு கண்ணைவிட்டுப் புறப்படும் இடத்தில் ஒளியை உணருங் கலங்கள் இல்லை. அவ்விடம் குருடு என்பதை 17ஆம் நூற்றாண்டிலே பிரான்சு தேசத்து மரியொத் என்னும் அறிஞர் வெளிப்படுத்தினார். ஒரு தாளிற் பக்கம் பக்கமாக, 8 சென்ரிமீற்றர் இடைவிட்டு, இரு புள்ளிகள் இடுக. இடக்கண்ணை மூடி, வலக்கண்ணால் இடப்புள்ளியையே நோக்கியவாறு தாளை மெல்ல அருகே கொணர்க. ஏறக்குறைய 30 சென்ரிமீற்றர் தூரத்தில் வலப்புள்ளி மறைந்துவிடும். வியப்பு யாதெனில், மறைந்த இடத்திற் கருமையேனும் வெறுமையேனும் தோன்றாமையே. சுற்றிலுமுள்ள வெண்மையைக் கொண்டு மூளை அக்குறையை நிரப்பிவிடுகின்றது. (உவமை ஒருபுடை ஒப்புமையே, கண்ணின் குறை மலமாகாது.)

கற்றவரிடத்து இவ்வாறு நிரப்பும் தொழிலைக் கல்வியே செய்துவிடுதல் கூடும். ஆணவம், கன்மம், மாயை எனப் பரீட்சையில் வழுவின்றி எழுதும் மாணவன், ஆணவத்தை அயலானிடத்தே எளிதிற் காண்பான். தன்னிடத்தும் அஃது உளதென எண்ணுவது அரிது. பெயர் தெரிந்தமையால் பொருளுந் தெரிந்ததென்னும் மயக்கம் உண்டாகின்றது.

இனி, தண்டியடிகள் வரலாற்றை நோக்குவாம். திருவாரூரிலே பிறவிக்குருடராய்த் தோன்றிய இவர், கோயிலின் மேற்றிசைத் திருக்குளம் ஆக்கிரமிப்பினால் இடங்குறைந்து தூர்ந்தமையை உணர்ந்து, அதனைக் கல்லத் தொடங்கினார் என்பது பெரியபுராணம். குளத்திலே ஒரு தறியும் கரையிலே ஒரு தறியும் நட்டுக் கயிறு கட்டி, அதனைத் தடவிச் சென்று மண் சுமந்தார். அங்குள்ள சமணரோடு நிகழ்ந்த வழக்கைச் சேக்கிழார் விரித்துரைப்பர். அக்காலச் சமயப் பூசல் நமக்கு ஈண்டு வேண்டுவதன்று. அடியார் பின்னர்க் கண்பெற்ற அற்புதத்தையே பலரும் எடுத்துப் பேசுவர். எமக்கு அதனினும் பெரிதாய்த் தோன்றுவது, கண்பெறுதற்கு முன் நிகழ்ந்ததே. கண்ணுடையார் எத்துணையோ பேர் நாடோறும் அக்குளக்கரையால் நடந்திருப்பர். குளம் சுருங்கியமை அவருள் ஒருவர்க்கும் உறுத்தவில்லை போலும், காணாதவர்க்கே உறுத்திற்று.

அவர் பற்றிய கயிறும் சிந்தித்தற்குரியது. தமக்குப் பார்வையில்லை என்பதை ஐயமற அறிந்தவரே அதனைக் கட்டுவர். குருவின் உபதேசமும் திருமுறை ஓதலும் ஆலய சேவையும் நமக்கு அத்தகைய கயிறுகளாம். சுந்தரமூர்த்தி நாயனார் திருத்தொண்டத்தொகையில் இவ்வடியாரை நாட்டம் மிக்கவர் எனப் போற்றினார். நாட்டம் என்னுஞ் சொற்குக் கண் என்பதும் ஒரு பொருள். கருத்தூன்றுதல் என்பதும் ஒரு பொருள்.