ரத்தம் டெஸ்ட் பண்ற மெஷின் 'மருத்துவக் கருவி' இல்லையா? கஸ்டம்ஸ் கணக்கில் 9018-ம் 9027-ம்

வல்லத்திராக்கோட்டையிலிருந்து பேசுறேன். இறக்குமதி வரி பற்றிப் பேசின எபிசோடுக்கு அப்புறம் ஒரு நேயர் கேட்டிருந்தார்: "லேப்ல ரத்தம் டெஸ்ட் பண்ற அனலைசர் மருத்துவக் கருவிதானே? கஸ்டம்ஸ் பேப்பர்ல மட்டும் அதை ஏன் வேற வகையில போடுறாங்க?"

நல்ல கேள்வி. புதுக்கோட்டை மாதிரி ஒரு ஊர்ல புதுசா லேப் ஆரம்பிக்கிறவருக்கு இதுக்கான பதில் பல ஆயிரம் ரூபாய் வித்தியாசம். அதனால இன்னைக்கு முழு எபிசோடும் இதுதான்.

எட்டு இலக்கத்துல ஒரு ஜாதகம்

எல்லை தாண்டி வர்ற எந்தப் பொருளுக்கும் ஒரு நம்பர் உண்டு. எச்.எஸ். கோடுன்னு சொல்வாங்க. பிரஸ்ஸல்ஸ்ல இருக்கிற உலக சுங்க அமைப்பு உருவாக்கினது. 1988 ஜனவரி 1-ல் நடைமுறைக்கு வந்தது. இன்னைக்கு 200-க்கும் மேற்பட்ட நாடுகளும் பொருளாதாரப் பகுதிகளும் இதைப் பயன்படுத்துது. முதல் ரெண்டு இலக்கம் அத்தியாயம், நாலு வரைக்கும் தலைப்பு, ஆறு வரைக்கும் உட்தலைப்பு. இந்த ஆறும் எல்லாருக்கும் பொது. இந்தியா இன்னும் ரெண்டு சேர்த்து எட்டா வெச்சிருக்கு. 1975-ஆம் ஆண்டின் சுங்கத் தீர்வைச் சட்டத்தோட முதல் அட்டவணையில இந்த நம்பரும் அதுக்கு நேரா வரி விகிதமும் இருக்கும். நம்பர் மாறினா வரியும் மாறலாம்.

நமக்கு வேண்டியது 90-ஆம் அத்தியாயம். அதுல ரெண்டு தலைப்பைப் பாருங்க.

9018: மருத்துவம், அறுவை சிகிச்சை, பல், கால்நடை மருத்துவத்துல பயன்படுற கருவிகள்.

9027: பௌதிக, வேதியியல் பகுப்பாய்வுக்கான கருவிகள்.

ரத்த அனலைசரை எதுல போடுவீங்க? மருத்துவமனையில இருக்கு, டாக்டர் அதோட ரிப்போர்ட்டைப் பார்த்துத்தான் மருந்து எழுதுறார். அப்போ 9018-னுதான் தோணும். ஆனா உலக சுங்க அமைப்போட விளக்கக் குறிப்பு இதை நேராவே தடுக்குது. ரத்தம், சிறுநீர், உடல் திரவங்களை லேப்ல பரிசோதிக்கிற கருவிகள் 9018-ல வராது. அந்தப் பரிசோதனை நோயைக் கண்டுபிடிக்க உதவினாலும் வராது. பொதுவா 9027-க்குப் போகணும். இந்தக் குறிப்புகள் சட்டம் இல்லைதான். ஆனா தலைப்பை எப்படிப் புரிஞ்சுக்கணும்னு சந்தேகம் வந்தா நம்ம நீதிமன்றங்களும் இதுக்கு நல்ல மதிப்பு கொடுக்குது.

உடம்பிலா, சாம்பிளிலா?

நான் ஞாபகம் வெச்சுக்கிற வழி இது. சட்டத்துல இப்படி எழுதலை, ஆனா பெரும்பாலும் கைகொடுக்கும்: கருவி நோயாளியோட உடம்பைத் தொட்டு வேலை செய்யுதா, இல்ல உடம்பிலிருந்து எடுத்த சாம்பிளை ஆராயுதா?

கோவிட் காலத்துல வீட்டுக்கு வீடு வாங்கின பல்ஸ் ஆக்ஸிமீட்டர் விரல்ல மாட்டி ஒளியால அளக்குது. அது 9018. லேப்ல இருக்கிற பயோகெமிஸ்ட்ரி அனலைசரும் ஒளியாலதான் அளக்குது, ஆனா டியூபுக்குள்ள இருக்கிற சீரத்தை. அது 9027. இ.சி.ஜி., பி.பி. மெஷின் 9018. வீட்டுல சுகர் பார்க்கிற குளுக்கோமீட்டர் பொதுவா 9027.

எல்லாமே இந்த ரெண்டுல முடிஞ்சுடாது. ஒரு சின்ன லேபை மனசுல சுத்திப் பாருங்க. மைக்ராஸ்கோப் 9011. சென்ட்ரிஃப்யூஜ் 8421. ஆட்டோகிளேவ் 8419. ஃப்ரிட்ஜ் 8418. கண்ணாடிக் குழாய், பீக்கர் 7017. காய்ச்சல் பார்க்கிற தெர்மாமீட்டர்கூட 9018 இல்லை; ரூம் தெர்மாமீட்டரோட சேர்ந்து 9025. ஒரே ரூம், ஏகப்பட்ட தலைப்பு. யார் வாங்குறாங்க, எந்தக் கட்டடத்துல வைக்கிறாங்கன்னு கஸ்டம்ஸ் முதல்ல பார்க்காது. பொருள் என்ன, அது என்ன வேலை செய்யுது, அதுக்குன்னு தனித் தலைப்பு இருக்கா? இதான் கேள்வி.

காசு எங்க மாறுது?

2020 பட்ஜெட்ல மத்திய அரசு 5% ஹெல்த் செஸ் கொண்டு வந்தது. உள்நாட்டு உற்பத்திக்கு ஆதரவு, பின்தங்கிய மாவட்டங்கள்ல மருத்துவ வசதிக்கு நிதின்னு காரணம் சொன்னாங்க. அந்த செஸ் 9018-லிருந்து 9022 வரைக்கும் மட்டும்தான். 9027 அந்த வரிசையிலேயே இல்லை.

இன்னொரு பக்கம், 1996 டிசம்பர்ல சிங்கப்பூர்ல உருவான தகவல் தொழில்நுட்ப ஒப்பந்தம். கம்ப்யூட்டருக்கும் சிப்புக்கும் வரியை எடுத்த ஒப்பந்தம்னுதான் நம்ம ஆளுங்களுக்குத் தெரியும். அந்தப் பட்டியல்ல 9027-ன் கீழே வர்ற குரோமட்டோகிராஃப், ஸ்பெக்ட்ரோமீட்டர், ஒளியால அளக்கிற கருவிகளும் இருக்கு. இந்தியா 1997-ல சேர்ந்தது. 2005-ல இவற்றுக்கு அடிப்படை சுங்க வரியை பூஜ்யமாக்கினது.

இப்போ கணக்குப் போடுங்க. 10 லட்சம் ரூபாய் மதிப்புள்ள அனலைசரைத் தப்பா 9018-ல போட்டா, செஸ் மட்டும் 50,000. அடிப்படை வரி தனி. இதெல்லாம் சேர்ந்த தொகை மேலதான் ஐ.ஜி.எஸ்.டி.யும் கணக்காகும். சரியா 9027.50-ல போட்டா அடிப்படை வரியும் இல்லை, செஸ்ஸும் இல்லை. விகிதங்கள் பட்ஜெட்டுக்கு பட்ஜெட் மாறும். சரக்கு வர்ற தேதியில அமல்ல இருக்கிற அறிவிப்பைப் பார்த்துக்கோங்க.

மெஷினோட முடியாது

அனலைசர் வாங்கினவங்களுக்குத் தெரியும், வருஷம் முழுக்கச் செலவு வைக்கிறது ரீஏஜென்ட்தான். அது 90-ஆம் அத்தியாயமே இல்லை, 3822. குளுக்கோமீட்டர் ஸ்ட்ரிப்பும் அங்கதான். ஸ்பேர் பார்ட்ஸுக்கு 90-ஆம் அத்தியாயத்தோட 2-ஆம் குறிப்பு இருக்கு: அந்த பார்ட்டுக்குன்னு சொந்தத் தலைப்பு இருந்தா அங்க போகணும். அதனால அனலைசருக்காக வர்ற தனி பம்ப், பம்புக்கான 8413-க்குப் போகும். அப்படிச் சொந்தத் தலைப்பு இல்லாம, அந்த மெஷினுக்காகவே செஞ்ச பார்ட்டா இருந்தா மெஷினோட தலைப்புக்கே போகும்.

தப்பினா என்ன ஆகும்?

2011-லிருந்து இந்தியாவுல சுயமதிப்பீடு. கோடை எழுதுறது இறக்குமதியாளர் பொறுப்பு. "சப்ளையர் இன்வாய்ஸ்ல அப்படித்தான் இருந்துச்சு"ங்கிறது நிக்காது. வரி குறைவாக் கட்டியிருந்தா சாதாரணமா 2 வருஷத்துக்குள்ள நோட்டீஸ் வரலாம். வேணும்னே மறைச்சதா இருந்தா 5 வருஷம் வரைக்கும், வட்டி, அபராதத்தோட. அதிகமாக் கட்டியிருந்தா? யாரும் தேடி வந்து சொல்ல மாட்டாங்க. திருப்பி வாங்க நீங்கதான் அலையணும்.

சந்தேகம் இருந்தா இறக்குமதிக்கு முன்னாடியே கேட்க வழி இருக்கு. சுங்க முன்தீர்ப்பு ஆணையம் டெல்லியிலும் மும்பையிலும் 2021-லிருந்து இயங்குது. கட்டணம் 10,000 ரூபாய். 3 மாசத்துக்குள்ள பதில் தரணும்னு சட்டம் சொல்லுது. சட்டமோ விவரமோ மாறாத வரைக்கும் அந்தத் தீர்ப்பு குறிப்பிட்ட காலத்துக்குச் செல்லும், துறையையும் கட்டுப்படுத்தும். ஒரே ஒரு சின்ன மெஷினுக்கு இது அதிகம்தான். வருஷா வருஷம் இறக்குமதி பண்றவங்களுக்கு லாபம்.

டீலர்கிட்ட வாங்குறவங்களுக்கும் ஒரு வேலை இருக்கு. கொட்டேஷன்ல எச்.எஸ். கோடையும், வரி, செஸ்ஸைத் தனித்தனியாவும் எழுதித் தரச் சொல்லுங்க. ரத்த அனலைசருக்கு 9018-னு போட்டு ஹெல்த் செஸ் சேர்த்திருந்தா, "ஏன் 9027 இல்லை?"ன்னு கேளுங்க. பதில் சொல்ல வேண்டியது அவங்க.

அடுத்த எபிசோடுல எக்ஸ்ரே, ஸ்கேன் மெஷின் பக்கம் போகலாம். உங்க கையில ஏதாவது கொட்டேஷன் இருந்து குழப்பமா இருந்தா, பேரையும் விலையையும் மறைச்சிட்டு அனுப்புங்க, சேர்ந்து படிப்போம்.