சட்டகத்தை யார் சோதிப்பது?

எம்.ஏ. படிக்கும்போது ஒப்பாரி பற்றி ஒரு சிற்றாய்வேடு எழுதினேன். முதல் இயல் 'கோட்பாட்டுச் சட்டகம்'. ஒப்பாரி ஒடுக்கப்பட்ட பெண்ணின் எதிர்ப்புக் குரல் என்று அங்கேயே தீர்மானித்துவிட்டேன். பிறகுதான் ஊருக்குப் போய், எதிர்ப்பு தென்பட்ட அடிகளாகப் பொறுக்கினேன். பாடிய பாட்டி ஒருவர் கேட்டார்: "எதிர்ப்பா? செத்தது எம் புள்ள தம்பி. அழாம என்ன செய்ய?" இது சட்டகத்தில் அடங்கவில்லை, விட்டுவிட்டேன். வாய்மொழித் தேர்வில் சட்டகம் பொருத்தமானது என்று கையெழுத்தும் கிடைத்தது.

நிபுணர்கள் ஒப்புக்கொள்வது ஒரு படி. அதுவே சோதனை ஆகிவிடாது. சோதனை எப்படி இருக்கும் என்பதற்கு மில்மன் பாரியைப் பார்க்கலாம். ஹோமரின் காப்பியங்களில் திரும்பத் திரும்ப வரும் அடைமொழிகள் மரபுவழி வந்தவை என்று 1928இல் பாரிஸில் அளித்த ஆய்வில் காட்டினார். ஒரே யாப்புச் சூழலில் ஒரே கருத்தைச் சொல்ல வழக்கமாக வரும் சொற்கூட்டத்தை 'வாய்பாடு' என்று வரையறுத்தார். வாய்மொழிப் புனைவு என்ற கருத்தாக்கம் இப்படி எண்ணிப் பார்க்கக்கூடிய ஒன்றாயிற்று.

ஆனால் ஹோமரிடமிருந்து எடுத்ததை ஹோமரை வைத்தே மெய்ப்பித்தால் அது தனக்குத் தானே சாட்சி சொல்வதுதானே? எனவே 1933 - 35இல் யூகோஸ்லாவியா போய், எழுத்தறியாத காப்பியப் பாடகர்களைப் பதிவுசெய்தார். சொல்லுக்குச் சொல் அதே பாட்டுதான் என்று சாதித்தவர்களும் மறுமுறை மாற்றியே பாடியிருந்தார்கள். பாட்டு ஒவ்வொரு முறையும் புதிதாகக் கட்டப்படுகிறது என்பதற்கு வேறொரு களத்திலிருந்து சான்று கிடைத்தது. பாரி 1935இல் இறந்துபோக, உடன் பணியாற்றிய ஆல்பர்ட் லார்ட் 1960இல் அதை நூலாக்கினார்.

இந்தச் சட்டகத்தைச் சங்கப் பாடல்களுக்குக் கொண்டுவந்தவர் க. கைலாசபதி. தமிழ் வீரயுகப் பாடல்கள் குறித்த 1968ஆம் ஆண்டு ஆங்கில நூலில், மீண்டும் மீண்டும் வரும் தொடர்களைக் கொண்டு அவற்றை வாய்மொழிப் பாடல்களாகக் கண்டார். பாணர் மரபை முன்மாதிரியாகக் கொண்டு எழுத்தறிந்த புலவர்கள் இயற்றியவை அவை என்று 1975இல் ஜார்ஜ் ஹார்ட் வாதிட்டார். சிக்கல் இங்கேதான். திரும்ப வரும் தொடர்கள் இரண்டு விளக்கத்துக்கும் ஒத்துவரும். அப்படின்னா, இன்னும் நூறு தொடர்களை எண்ணிக் காட்டினாலும் வழக்கு தீராது. இரண்டையும் பிரித்துக் காட்டும் சான்று வேண்டும். பாரிக்குக் கிடைத்த மறுபாடல் நமக்கு இல்லை. பிரதி மட்டுமே இருக்கிறது. பானையோடுகளில் உள்ள தமிழ்ப் பிராமி எழுத்து புழங்கியதைச் சொல்லும், பாட்டு எப்படிப் பிறந்தது என்பதைச் சொல்லாது. ஆனாலும் கைலாசபதியின் கூற்று மறுத்துப் பேச இடம் தரும் வடிவில் இருந்தது. அதன் பலமே அதுதான்.

என் சட்டகத்தில் அந்த இடம் இல்லை. பங்காளியைத் திட்டினால் எதிர்ப்பு. திட்டாமல் அழுதால் 'அமுக்கப்பட்ட எதிர்ப்பு'. எந்தப் பாட்டு வந்தாலும் நான் ஜெயித்துவிடுவேன்! இயக்கம் சார்ந்து எழுதுகிற நமக்கு இந்த ஆபத்து கூடுதல். யாருக்காகப் பேசுவதாகச் சொல்கிறோமோ அவர்களே நம் கோட்பாட்டுக்கு உதாரணங்களாகச் சுருங்கிவிடுகிறார்கள்.

இப்போது ஆய்வு மாணவர்கள் கேட்டால் ஒன்று சொல்கிறேன்: களத்துக்குப் போகுமுன், எதைக் கண்டால் உங்கள் சட்டகத்தைக் கைவிடுவீர்கள் என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள். திரும்பி வந்ததும் முதலில் அந்தத் தாளைப் பிரியுங்கள். நான் எழுதி வைத்திருந்தால், பாட்டியின் கேள்வி ஆய்வேட்டுக்குள் வந்திருக்கும்.