கல்யாணம் கூடாத நித்தியகல்யாணி

ஆடு கடிக்காது. தண்ணீர் ஊற்ற மறந்தாலும் கோபித்துக்கொள்ளாது. வருஷம் முழுக்கப் பூக்கும். வாசலில் நித்தியகல்யாணி வைக்க இதற்குமேல் காரணம் வேண்டுமா? 'சுடுகாட்டு மல்லி' என்று சொல்லி வீட்டுப் பக்கம் விடாதவர்களும் உண்டு. சர்க்கரைக்கு நல்லது என்று காலையில் வெறும் வயிற்றில் பூவை மெல்லுகிறவர்களும் உண்டு.

மடகாஸ்கரைச் சொந்த ஊராகக் கொண்ட இந்தச் செடி ஜமைக்காவிலும் மண்டிக் கிடக்கிறது. அங்கேயும் இதே நம்பிக்கைதான். சர்க்கரை நோய்க்காரர்கள் இலையைக் கஷாயம் வைத்துக் குடித்தார்கள். அதில் ஏதாவது இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லி 1952-இல் அங்கிருந்த மருத்துவர் ஒருவர் 25 இலைகளை உறையில் போட்டுக் கனடாவுக்கு அனுப்பினார். உறை போனது கிளார்க் நோபிளிடம். 1921-இல் இன்சுலின் ஆய்வை நடத்திய பாண்டிங்குக்கு முதலில் யார் உதவுவது என்று காசு சுண்டியபோது சார்லஸ் பெஸ்ட்டிடம் தோற்றவர் இவர்தான் என்பார்கள். இலைகளை அவர் தம்பி ராபர்ட்டிடம் கொடுத்தார்.

வெஸ்டர்ன் ஒன்டாரியோ பல்கலைக்கழகத்தில் ராபர்ட் நோபிள் இலைச் சாற்றை எலிகளுக்குப் புகட்டினார். ரத்தச் சர்க்கரை இம்மியும் இறங்கவில்லை. ஊசியில் ஏற்றிப் பார்த்தார். ஒரு வாரத்துக்குள் எலிகள் செத்தன, உடம்பெல்லாம் சீழ்க்கட்டிகளோடு. பெரும்பாலானோர் இந்த இடத்தில் நோட்டை மூடியிருப்பார்கள். நோபிள், சாதாரணக் கிருமியிடம் எலி ஏன் தோற்றது என்று கேட்டார். ரத்தத்தைச் சோதித்தால் வெள்ளை அணுக்கள் சரிந்து கிடந்தன. எலும்பு மஜ்ஜையில் உற்பத்தியே படுத்துவிட்டிருந்தது. அப்படியானால் வெள்ளை அணுக்கள் கட்டுக்கடங்காமல் பெருகும் ரத்தப் புற்றுநோய்க்கு?

சார்லஸ் பீர் என்ற வேதியியலாளர் 1954-இல் நோபிளுடன் வந்து சேர்ந்தார். வெள்ளை அணுக்களைச் சரித்த பொருள், வின்பிளாஸ்டின், 1958-இல் இலையிலிருந்து தனியாகப் பிரிந்து வந்தது. அதே செடியில் எலி லில்லி என்ற மருந்து நிறுவனத்தாரும் தேடிக்கொண்டிருந்தார்கள். வின்கிறிஸ்டின் என்ற இன்னொரு மருந்து அவர்கள் வழியாக வந்து 1963-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய் சிகிச்சையில் இன்றும் அது முக்கியமான மருந்து. செல் இரண்டாகப் பிரியும்போது குரோமோசோம்களை இழுத்துப் பிரிக்கும் நுண்ணிய இழைகள் கோத்துக்கொள்ளாமல் தடுப்பதுதான் இவற்றின் வேலை.

செடியோ மகா கருமி. ஒரு கிராம் வின்பிளாஸ்டினுக்குச் சுமார் 500 கிலோ காய்ந்த இலை வேண்டும். காரணம் இலைக்குள்ளேயே இருக்கிறது. இந்த மருந்து கேதரந்தின், விண்டோலின் என்ற இரண்டு பொருள்கள் சேர்ந்து உண்டாவது. கேதரந்தின் இலையின் மேல்தோலில் உருவாகி, வெளியே இருக்கும் மெழுகுப் பூச்சில் போய்ப் படிகிறது. விண்டோலின் இலையின் உள்செல்களில் அடைந்து கிடக்கிறது. 2010-இல் கனடா ஆய்வாளர்கள் காட்டிய விவரம் இது. பேர்தான் நித்தியகல்யாணி, இந்த ஜோடிக்குக் கல்யாணம் கூடிவருவது அபூர்வம்.

எனவே இந்த மருந்துகளுக்கு வயலை நம்பித்தான் பிழைப்பு. நம் தென் மாவட்ட மானாவாரி நிலங்களிலும் பயிரிடுகிறார்கள். விதைத்த ஆறாம் மாதமும் ஒன்பதாம் மாதமும் இலையை உருவி எடுத்து, ஓராண்டில் செடியை வேரோடு பிடுங்கிவிடுவார்கள். வயலில் விளைந்தாலும் ஆஸ்பத்திரி வரை போய்ச் சேர வேண்டுமே. அமெரிக்காவுக்கு வின்கிறிஸ்டின் கொடுத்துவந்த இரண்டு நிறுவனங்களில் ஒன்று 2019-இல் தயாரிப்பை நிறுத்தியது. சில மாதங்களில் அவ்வளவு பணக்கார நாட்டிலேயே குழந்தைகளுக்கு மருந்து தட்டுப்பாடு.

வயலுக்கு வெளியே வழி தேடியவர்களும் உண்டு. 2018-இல் இங்கிலாந்தின் ஜான் இன்னஸ் மையத்தில் சாரா ஓ'கானர் குழு, செடி வின்பிளாஸ்டினைச் சமைக்கும் வழியில் விடுபட்டிருந்த கடைசிப் படிகளைக் கண்டுபிடித்தது. 2022-இல் டென்மார்க்கிலும் அமெரிக்காவிலும் இருந்த ஆய்வாளர்கள் ரொட்டிக்குப் போடும் ஈஸ்ட்டின் மரபணுக்களில் மொத்தம் 56 திருத்தங்கள் செய்தார்கள்; செடிகளிலிருந்து 34 மரபணுக்களைப் புகுத்தியதும் அதில் அடக்கம். ஈஸ்ட் கேதரந்தினையும் விண்டோலினையும் செய்து கொடுத்தது, தனித்தனியாகத்தான். கல்யாணத்தை ஆய்வாளர்களே குடுவையில் நடத்தி வைத்தார்கள்.